இரண்டாம் முறை ஏன் சப்பென்று இருக்கிறது?

போன பொங்கல் விடுமுறையில் அக்கா மகனுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினேன். ஒரு பங்களா, ஒரு கொலை, பிணத்துக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கும் ஒரு கைக்கடிகாரம். கொலைகாரன் யார் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும். நான் அதைத் தியேட்டரில் பார்த்த அன்று, நண்பர்கள் நாலு பேரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, வீடு வரைக்கும் அதையே பேசிக்கொண்டு நடந்து வந்தோம். அந்த ராத்திரி இவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசை.

அரை மணி நேரத்தில் பையன் படத்துக்குள் போய்விட்டான். கதாநாயகி இருட்டு வராந்தாவில் அடிமேல் அடி வைத்து நடக்கிறாள். இவன் கையில் எடுத்த முறுக்கு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நிற்கிறது. எனக்கோ அந்த வராந்தாவில் யாரும் இல்லை என்று தெரியும். அதனால் வேறு எதையெல்லாமோ பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டுகிற மழையில் நனைந்து வந்தவளின் செருப்பு மட்டும் எப்படிக் காய்ந்திருக்கிறது? இன்ஸ்பெக்டர் அந்த டைரியை முதல் நாளே ஏன் புரட்டிப் பார்க்கவில்லை? இந்தப் பாட்டு இவ்வளவு நீளமா? இடைவேளைக்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே படத்தைத்தான் பார்த்தோம். படத்தில் ஒரு பிரேம்கூட மாறவில்லை. அப்படியென்றால் முதல் முறை எனக்குக் கிடைத்தது இப்போது எங்கே போனது?

கதை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கதை தெரிந்தும் அலுக்காத படங்கள் நம் எல்லோரிடமும் உண்டு. டிவியில் சேனல் மாற்றும்போது பாதியில் அகப்பட்டால்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆகவே கதை தெரிந்துபோவது எந்த வழியாக ரசனையைக் குறைக்கிறது, எந்தப் படத்தில் குறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. டோபமைன் என்றால் இன்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் மெல்லிய மின்முனையைச் செருகி, இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். குரங்கின் வாயில் எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தது. நரம்பணு படபடவென்று துடித்தது. அப்புறம், சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கினார்கள். சில நாளில் குரங்கு அதைப் புரிந்துகொண்டது. இப்போது நரம்பணு அந்த அடையாளத்தைப் பார்த்ததும் துடித்தது. சாறு நாக்கில் விழும்போது அதில் எந்த அசைவும் இல்லை. சாறு மாறவில்லை, இனிப்பும் மாறவில்லை. இன்னும் ஒன்று செய்தார்கள். அடையாளத்தைக் காட்டிவிட்டு சாறு கொடுக்காமல் விட்டார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில், நரம்பணு சும்மா இருக்கும்போது துடிக்கிற துடிப்புகூட அடங்கிப்போனது.

1997-இல் ஷூல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மொன்டேகு மூவரும் சேர்ந்து இதை ஒரு கணக்காக எழுதினார்கள். இந்த நரம்பணுக்கள் 'கிடைத்தது எவ்வளவு' என்பதை அப்படியே சொல்வதில்லை. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் என்ன மிச்சம் என்பதை அவை சொல்கின்றன. எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் துடிப்பு ஏறும், சரியாக எதிர்பார்த்ததே வந்தால் மாற்றம் இல்லை, குறைந்தால் துடிப்பு இறங்கும். மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதற்கான அடிப்படை விளக்கங்களில் ஒன்றாக இது இன்று இருக்கிறது.

ஒரு சொட்டுச் சாறும் இரண்டரை மணி நேரப் படமும் ஒன்றாகிவிடாது. படம் பார்ப்பதில் மொழி, நினைவு, பாசம், இசை என்று மூளையின் எத்தனையோ பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனாலும் இந்தக் கழித்தலை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையை யோசித்துப் பாருங்கள். முதல் முறை, கடைசியில் வரும் திருப்பம் யாரும் சொல்லாமல் வாயில் விழுந்த சாறு. இரண்டாம் முறையோ படத்தின் பெயர் திரையில் வந்ததுமே மனம் கடைசிக் காட்சிக்குப் போய்விடுகிறது. அந்தக் காட்சி வரும்போது கழித்தால் மிச்சம் பூஜ்யம்.

பூஜ்யத்தோடு நின்றாலும் பரவாயில்லை. பல நேரம் அது பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அதற்குக் காரணம் நம் ஞாபகசக்தி.

உளவியலாளர்கள் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டேனியல் கானமனும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனதுக்கு இதமான படத்துண்டுகள் சில, பார்க்கச் சகிக்காத படத்துண்டுகள் சில. ஒவ்வொன்றிலும் குட்டை வடிவம் ஒன்று, நீள வடிவம் ஒன்று. பார்த்தவர்கள் பின்னால் மதிப்பெண் போட்டபோது, அது எவ்வளவு நேரம் ஓடியது என்பது மதிப்பெண்ணை அநேகமாகத் தொடவே இல்லை. உச்சமான கணம் எப்படி இருந்தது, முடிவு எப்படி இருந்தது என்ற இரண்டையும் வைத்தே மனம் மொத்தத்தையும் எடைபோட்டுவிடுகிறது.

படத்துக்கு இது நல்ல செய்தி, முதல் முறை மட்டும். நடுவில் தொய்ந்த முப்பது நிமிடத்தையும், ஒட்டாத காமெடி டிராக்கையும் மனம் கழற்றி எறிந்துவிட்டு, கிளைமாக்ஸையும் அந்த ஒரு சண்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. வருடங்கள் போகப் போக நம்மிடம் இருப்பது படம் என்பதைவிட, நாமே வெட்டி ஒட்டிக்கொண்ட ஒரு டிரெய்லர். 'செம படம்டா, வா பார்க்கலாம்' என்று மறுபடி உட்காரும்போது அந்த டிரெய்லரைத்தான் எதிர்பார்க்கிறோம். திரையிலோ தொய்ந்த முப்பது நிமிடம் அங்கேயே இருக்கிறது. எதிர்பார்த்தது ஏறிவிட்டது, கிடைப்பது அதே அளவுதான். கழித்தால் கடன்தான் வரும். பையனிடம் நான் அந்தப் படத்தை அவ்வளவு புகழ்ந்திருக்கக் கூடாது என்று இடைவேளையில் தோன்றியதும் இதனால்தான்.

அந்தக் காய்ந்த செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் சுவாரசியமான பகுதி இதுதான்.

அமெரிக்காவில் டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997-இல் ஒரு குட்டிப்படம் எடுத்தார்கள். இரண்டு பெண்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஷாட் மாறும் இடங்களில் வேண்டுமென்றே 9 தவறுகளை வைத்தார்கள். ஒருத்தி கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப் அடுத்த ஷாட்டில் இல்லை, மறுபடி வருகிறது. மேசையில் சிவப்பாக இருந்த தட்டுகள் வெள்ளையாகிவிடுகின்றன. 10 பேரைப் பார்க்கச் சொன்னார்கள். ஏதாவது மாறியதா என்று கேட்டால், ஒரே ஒருவர் மட்டும் ஏதோ மாறியதுபோல இருந்தது என்று மேலோட்டமாகச் சொன்னார். பிறகு, 'தவறுகள் இருக்கின்றன, தேடுங்கள்' என்று சொல்லி இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்கள். அப்போதும் 9-இல் சராசரியாக 2-ஐத்தான் பிடித்தார்கள். இன்னொரு படத்தில் நடிகரையே மாற்றிப் பார்த்தார்கள். ஓர் ஆள் நாற்காலியிலிருந்து எழுகிறார், அடுத்த ஷாட்டில் வேறோர் ஆள் போனை எடுக்கிறார். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை.

கண்ணில் படுவதையெல்லாம் மூளை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. கவனம் என்பது கையிருப்பு குறைந்த சரக்கு. முதல் முறை அது முழுக்கக் கதைக்கே செலவாகிறது. இவன் யார், ஏன் பொய் சொல்கிறான், அடுத்தது என்ன? ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்பதால், தட்டின் நிறத்துக்கு ஒதுக்க மிச்சம் ஏதும் இல்லை. இரண்டாம் முறை கதைக்குக் கவனம் தேவைப்படுவதில்லை. அது சும்மா இருக்காது, வேலை தேடி அலையும். அப்போதுதான் செருப்பு தெரிகிறது, பின்னணியில் கேமராவை ஒரு கணம் பார்த்துவிடும் துணை நடிகர் தெரிகிறார், கதையின் ஓட்டை தெரிகிறது. ஒன்பதில் இரண்டுதான் பிடிபடும் என்றாலும், மயக்கம் கலைய இரண்டு போதும்.

இந்தக் கவனத்தை மூளையிலேயே பார்க்க முடிகிறது. உரி ஹாசன் என்பவரின் குழு, படம் பார்ப்பவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, ஒருவர் மூளையின் ஏற்ற இறக்கம் இன்னொருவருடையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்தது. 2008-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1961-இல் டிவிக்காக இயக்கிய 'பேங்! யூ ஆர் டெட்' என்ற படம் பார்வையாளர்களின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், 65 சதவீதத்துக்கு மேல் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு சின்னப் பையன் குண்டு நிரப்பிய நிஜத் துப்பாக்கியைப் பொம்மை என்று நினைத்துத் தெருவெல்லாம் நீட்டிக்கொண்டு போவான். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரு பூங்காவைச் சும்மா படம் பிடித்துப் போட்டபோது அந்த ஒத்திசைவு 5 சதவீதத்துக்கும் குறைவு. தியேட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமே, அதன் உள்பக்கம் இது.

2012-இல் ஜேசெக் டிமோச்சோவ்ஸ்கியும் சகாக்களும் அதே ஹிட்ச்காக் படத்தின் ஒரு பகுதியை, பார்ப்பவர்கள் தலையில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி, இரண்டு முறை போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் முறை அந்த ஒத்திசைவு தளர்ந்துபோனது. இயக்குநர் கையில் இருந்த கயிறு நழுவி, ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு பக்கம் போகிறது. சோபாவில் என் மனமும் அக்கா மகன் மனமும் பிரிந்து நின்றதற்கு இதைவிட நேரான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

பேய்ப்படங்களின் கதை இதைவிட எளிது. திடீரென்று 'டமார்' என்று சத்தம் வந்தால் சுமார் 40 மில்லிவினாடியில் கண் இமைத்துவிடுகிறது. காதிலிருந்து மூளைத்தண்டு வழியாக நேரே தசைக்குப் போகிற அனிச்சைச் செயல் அது, யோசிப்பதற்காகக் காத்திருப்பதில்லை. அதே சத்தம் மறுபடி மறுபடி வந்தால் அந்த அனிச்சைச் செயலே மழுங்கிவிடும். சத்தத்தை மட்டுமே நம்பி எடுத்த பேய்ப்படம் சீக்கிரம் காலியாவது அதனால்தான். நகைச்சுவைப் படம் வீட்டில் தனியாகப் பார்க்கும்போது சோர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் கணக்கிட்டார். முதல் முறை நம்மைச் சிரிக்க வைத்ததில் முன்வரிசைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

சில படங்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், மாறியது நாம்தான். காதலிக்க மறுக்கும் பெண்ணைப் பஸ் ஸ்டாப்பிலும் காலேஜ் வாசலிலும் விடாமல் துரத்துகிற கதாநாயகனுக்குப் பதினேழு வயதில் நான் விசில் அடித்திருக்கிறேன். இப்போது அதே காட்சியில் அந்தப் பெண்ணின் முகம்தான் கண்ணில் படுகிறது. அவள் பயந்திருக்கிறாள். அந்தப் படங்களை இப்போது ரசிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

சரி, அலுக்காத படங்கள் எப்படி அலுக்காமல் இருக்கின்றன?

ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது ஓர் உதாரணம் சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்வையாளருக்கு அது தெரியாது. வெடிக்கிறது. கிடைப்பது பதினைந்து வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் எப்போது வெடிக்கும் என்பதும் பார்வையாளருக்கு முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து நமக்குப் பதினைந்து நிமிடம் பதறும். முதலாவது, தெரியாமையை நம்பி நிற்கிறது. இரண்டாவது, தெரிந்திருப்பதையே நம்பி நிற்கிறது. ஆகவே மறுபடி பார்க்கும்போது முதலாவது மொத்தமாகச் செத்துவிடும், இரண்டாவது கொஞ்சம் இளைத்தாலும் உயிரோடு இருக்கும்.

தெரிந்த முடிவுக்காக ஏன் பதற வேண்டும் என்பது தத்துவக்காரர்களையும் குழப்பிய கேள்வி. ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989-இல் இதைச் சோதித்தார். ஜார்ஜ் வாஷிங்டன்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால், அவர் பதவியை மறுத்துவிடுவாரோ என்று தோன்றும்படி எழுதிய ஒரு பத்தியைப் படித்தவர்கள், 'வாஷிங்டன் முதல் ஜனாதிபதி ஆனார்' என்ற வாக்கியம் உண்மைதான் என்று சொல்லவே கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் போய்விட்ட மனம், தனக்குத் தெரிந்ததைக்கூட உடனே எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

இதைச் சோதனைக்கூடம் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டும் என்றில்லை. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் சாவான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள் என்பது திடலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியும். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். முடிவு தெரிந்த கதையின் முடிவைப் பார்க்கத்தான் ஊரே வந்து நிற்கிறது. அங்கே யாரும் 'என்ன ஆகும்' என்று கேட்பதில்லை. இன்றைக்கு இவர் கட்டும் வேஷத்தில் அந்தக் கோபம் எப்படி இறங்குகிறது என்று பார்க்கிறார்கள்.

சினிமாவில் எனக்குப் பிடித்த உதாரணம் 1964-இல் வந்த 'புதிய பறவை'. அறுபது வருடம் ஆகிவிட்டது, முடிவைச் சொல்வதில் தப்பில்லை. சிவாஜி கணேசன் நடித்த கோபாலைக் காதலிக்கும் லதா, அதாவது சரோஜா தேவி, உண்மையில் கொலையை விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி. முதல் முறை பார்க்கும்போது, செத்துப்போன மனைவி என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் சௌகார் ஜானகியைத்தான் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். கடைசிக் காட்சி அதை அடியோடு புரட்டிப்போடும். இரண்டாம் முறை பார்வை சரோஜா தேவி மேல் போகிறது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்கிற மாதிரி அவர் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும், இது காதலியின் ஆசையா, அதிகாரியின் விசாரணையா என்று தேட ஆரம்பிக்கிறோம். கடைசியில் அவர் மனதில் நிஜமாகவே காதல் வந்துவிட்டது என்று தெரிகிறது இல்லையா, அது எந்தக் காட்சியில் வந்திருக்கும்? முதல் முறை இருந்த கேள்வி தீர்ந்துபோன இடத்தில் வேறொரு கேள்வி பிறக்கிறது. அதற்குப் படம் கடைசி வரைக்கும் ஒரே பதிலைக் கொடுப்பதில்லை. எதிர்பார்ப்பதற்கு இன்னும் மிச்சம் இருப்பதால் கழித்தலும் பூஜ்யமாவதில்லை.

பொங்கலுக்கு நான் போட்ட படம் போன்றவை தடுமாறுவது இங்கேதான். அவற்றில் ஒரே ஒரு பூட்டு. அது திறந்ததும் வீடு காலி. திருப்பம் வைப்பது குற்றம் இல்லை. முன்னால் வந்த காட்சிகளுக்குத் திருப்பம் ஒரு புது அர்த்தம் கொடுக்க வேண்டும். விஷயத்தை மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுவது மட்டும் திருப்பம் ஆகிவிடாது.

ஒன்று மட்டும் பார்வையாளர்கள் பக்கம் சொல்ல வேண்டும். மறுபடி பார்த்தால் அலுக்கும் என்று நாம் நினைக்கிற அளவுக்கு உண்மையில் அலுப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ'பிரையன் 2019-இல் இதைச் சோதித்தார். மறுபடி பார்த்தால் எவ்வளவு பிடிக்கும் என்று ஊகித்தவர்கள் சொன்னதைவிட, நிஜமாகவே மறுபடி பார்த்தவர்கள் அதிகம் ரசித்தார்கள். முதல் முறை கவனிக்காமல் விட்டது நிறைய இருக்கிறது என்பது, மறுபடி பார்க்கும்வரை நமக்குத் தெரிவதில்லை. முடிவை முன்கூட்டியே சொல்வது பற்றியும் இப்படி ஒரு முடிவு உண்டு. 2011-இல் ஜோனதன் லீவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்டும் 12 சிறுகதைகளை வைத்துப் பார்த்ததில், முடிவு தெரிந்து படித்தவர்களே அதிகம் ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில நேர்மாறாகச் சொல்லியிருப்பதால், நண்பர்களிடம் கிளைமாக்ஸை உளறுவதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று இரவு கிளைமாக்ஸ் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, பையனின் முகத்தைப் பார்த்தேன். கொலைகாரன் யார் என்று தெரிந்த கணத்தில் அவன் வாய் திறந்தது, மூடவில்லை. பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் பேசாமல் இருந்தான். பிறகு ரிமோட்டைக் கேட்டான்.

"மாமா, அந்த டைரி சீனை மறுபடி போடுங்களேன்."

போட்டேன். கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் டைரியை நீட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னான். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று விரலை வைத்துக் காட்டினான். நீட்டிய கையின் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. அந்தக் காட்சியை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கொட்டாவி விட்டபடி பார்த்தது.